சங்கச் சொத்து எண் பதினான்கு

முதல் அநீதி 1976இல் நடந்தது. நூல் நூற்கும் ரிங் பிரேம் பகுதியின் ஜன்னல்களை மில் நிர்வாகம் செங்கல் வைத்து அடைத்தது. காற்றுப் பட்டால் நூல் அறுகிறது என்றார்கள். உள்ளே இருநூறு பேர் இருமினார்கள். இருமலால் நூல் அறுந்ததாக யாரும் புகார் எழுதவில்லை.

இரண்டாவது 1979இல். டைம் கீப்பர் காலையில் மில் வாசலில் நின்று டோக்கன் எண்ணையும் பெயரையும் கூப்பிடுவார். "உண்டு" என்று பதில் சொன்னவர் உள்ளே போகலாம். மூன்று தரம் கூப்பிட்டும் பதில் வராவிட்டால்தான் ஆப்சென்ட். அந்த மூன்றை ஒன்றாகக் குறைத்தார்கள். பதினொரு நாள் வேலைநிறுத்தம் செய்து மூன்றையும் திரும்ப வாங்கினோம்.

மூன்றாவது 1983இல். தூக்குச்சட்டியில் துண்டறிக்கை வைத்திருந்ததாக ஒன்பது பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்ததையும் விசாரணைக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். என்ன அக்கறை!

நான்காவது 1985இல். வேலைநிறுத்தத்தின் நாற்பத்தொன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பஞ்சுக் கிடங்கில் தீப்பிடித்தது. கிடங்கின் பின்கதவு வெளியே சங்கிலி போட்டுப் பூட்டப்பட்டிருந்தது. தோழர்கள் சுடலைமணி, அந்தோணிமுத்து, காதர் மொய்தீன், சீனிவாசகம் ஆகிய நால்வர் உயிர் நீத்தார்கள்.

ஐந்தாவது 2003இல். ஒரு திங்கட்கிழமை காலை மில் வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பசை காயவில்லை. மில் மூடப்பட்டுவிட்டது.

ஆறாவது இந்த ஆண்டு. இடத்தை வாங்கியவர்கள் வாசலை இடிக்கப் போகிறார்கள். திங்கட்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது.

ஏழாவது அநீதியைச் செய்தது ஒரு மடிக்கணினி.

"மூடி வச்சா தூங்கணும். இது தூக்கத்திலேயே செத்து, தூக்கத்திலேயே பிறந்து, எழுதினதை எல்லாம் தின்னுட்டு நிக்குது" என்றார் ஆவுடையப்பன்.

ஜெசிந்தா அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"போராட்டக் குணம், அண்ணாச்சி. படுக்கச் சொன்னா எந்திரிக்குது."

"கேலி வேண்டாம், டீச்சர். இந்தப் பட்டியலை ஞாயிற்றுக்கிழமை மில் வாசல்ல வாசிக்கணும்."

அவருக்கு எழுபத்தொரு வயது. மில் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராக நாற்பத்து நான்கு ஆண்டுகள் இருந்துவருகிறார். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. மிச்சப் படிப்பெல்லாம் துண்டறிக்கையில்.

அவளுக்கு முப்பத்து நான்கு வயது. பேருந்து நிலையத்தின் மாடிப்படிக்கு அடியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். ஏழு மாதத்துக்கு முன்பு, சங்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் திருப்பூருக்கு மகளோடு போய்விட்டார். ஆவுடையப்பன் நேராக இந்தக் கடைக்கு வந்தார். இன்று முதல் நீங்கள் குரு, நான் சீடன், வயதைப் பார்க்கக் கூடாது என்றார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அன்று முதல் அவளோடு சண்டை போடும்போதும் டீச்சர் என்றுதான் சொன்னார்.

ஒவ்வொரு ஆண்டும் தீப்பிடித்த நாளில் மில் வாசலில் கூட்டம் நடக்கும். நான்கு பெயர்களையும் டோக்கன் எண்ணோடு செயலாளர் கூப்பிடுவார். நின்றிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து "உண்டு" என்பார்கள். ஒரு காலத்தில் எண்ணூறு பேர் சொன்னது. சந்தை வரைக்கும் கேட்டது. போன ஆண்டு எட்டுப் பேர்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நிற்பதற்கு வாசல் இருக்காது.

"எவ்வளவு எழுதினது போச்சு?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"ஒரு வரி."

"ஒரு வரிதானா? திரும்ப அடிங்க."

"தினமும் அடிக்கேன். தினமும் போகுது."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மடிக்கணினியைப் பார்த்தாள். மூடியைச் சாத்தினாள்.

"இப்ப என்ன செய்யணும்?" என்றார்.

"சும்மா இருக்கணும்."

இருவரும் சும்மா இருந்தார்கள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறி இறங்கியது. வெளியே ஒரு நடத்துனர் எட்டையபுரம், எட்டையபுரம் என்று கத்திக்கொண்டிருந்தார். சும்மா இருப்பது ஆவுடையப்பனுக்கு வராது. மேஜை மேல் கிடந்த திருகாணிகளை அளவுவாரியாக வரிசைப்படுத்தினார்.

பத்து நிமிடம் ஆனதும் மூடியிருந்த மடிக்கணினிக்குள் விசிறி சீறியது. விளக்கு அணைந்து எரிந்தது.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" என்று எழுந்துவிட்டார். காவல் நிலையத்தில் சாட்சி கிடைத்தவர் போல அவருக்கு மூச்சு வாங்கியது.

ஜெசிந்தா திறந்து, ஒரு பட்டியலை வரவழைத்து அவர் பக்கம் திருப்பினாள்.

"இது என்ன?"

"இதுவே எழுதி வச்சுக்கிடுத நாட்குறிப்பு. எப்ப தூங்குச்சு, எப்ப எந்திரிச்சு, எப்ப சொல்லாம கொள்ளாம நின்னுச்சு, எல்லாம் இருக்கும். எண்ணுங்க."

அவர் விரல் வைத்து எண்ணினார். முன்னறிவிப்பு இல்லாமல் நின்றது என்று இருபத்து மூன்று இடத்தில் இருந்தது. எல்லாம் மூடி வைத்துப் பத்தாவது நிமிடம்.

"எதிரியே கணக்கு வச்சிருக்கான்" என்றார்.

"எதிரி இல்ல, அண்ணாச்சி. சாட்சி."

"காரணம் யாரு?"

"நாட்குறிப்பில காரணம் இருக்காது. நடந்ததுதான் இருக்கும். காரணத்தை நாம ஒவ்வொண்ணா விலக்கித்தான் பார்க்கணும்."

வியாழக்கிழமை மீதி நேரமும் வெள்ளிக்கிழமையும் அப்படிப் போயின. தூங்கும்போது எழுப்பிவிடும் வேலைகள் ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, இருந்ததை எல்லாம் நிறுத்தினாள். மூடினாள். பத்து நிமிடம். விசிறி சீறியது. சார்ஜரை மாற்றினாள். பத்து நிமிடம். சீறியது. நினைவகச் சில்லைக் கழற்றி வேறொன்று போட்டாள். மென்பொருளைப் புதுப்பித்தாள். ஒவ்வொரு தரமும் பத்து நிமிடம் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒவ்வொரு தரமும் மூடுவதற்கு முன் அவர் அந்த ஒரு வரியை அடித்தார். அடிக்கும்போது உடம்பால் திரையை மறைத்துக்கொண்டார். அவளும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"நிர்வாகம் எங்களை இப்படித்தான் அலைக்கழிச்சது" என்றார். "இன்னைக்கு வா, நாளைக்கு வா."

"நான் நிர்வாகமா?"

"இல்ல. ஆனா நீங்க பேசாம இருக்கிறது அவங்க மாதிரி இருக்கு."

"பேசினா சீக்கிரம் கெட்டுப்போகும்."

"எது?"

"காரணம். முதல்லயே ஒண்ணைச் சொல்லிட்டா அதையேதான் தேடுவோம்."

சனிக்கிழமை காலை ஜெசிந்தா மடிக்கணினியைத் தூக்கி நான்கு பக்கமும் பார்த்தாள். இடது பக்கம் கட்டைவிரல் அளவில் ஒன்று செருகியிருந்தது. அதன் மேல் சிவப்புத் தாள் ஒட்டி, ஒட்டுநாடாவால் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. மடிக்கணினியின் உடம்போடு அது ஒன்றாகிப் போயிருந்தது. சங்கச் சொத்து எண் 14 என்று தாளில் மையால் எழுதியிருந்தது. கையெழுத்து ஆவுடையப்பனுடையது.

"இது நெட் ஸ்டிக்கா?"

"மாவட்டக் குழு கொடுத்தது. மாநாட்டுல வச்சுக் கொடுத்தாங்க."

"வேலை செய்யுதா?"

"ஆறு வருஷமா இல்ல."

"அப்புறம் ஏன் கழற்றல?"

"சங்கச் சொத்தைக் கழற்றி எங்க வைக்க? சொத்துன்னு எழுதி ஒட்டினது அது இருந்த இடத்திலயே இருக்கணும். மில்லுல டோக்கன் பலகை அப்படித்தான் இருந்தது. நாற்காலி அப்படித்தான் இருக்கு. சங்கத்துல எதையும் நான் இடம் மாற்றினது கிடையாது."

"அது தெரியுது" என்றாள்.

அவர் முகம் சிவந்தது. எழுந்து கடை வாசல் வரை போய், திரும்பி வந்தார்.

"டீச்சர். அது செத்துப்போனது. செத்தது எப்படித் தொந்தரவு கொடுக்கும்?"

ஜெசிந்தா திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"உங்க டைம் கீப்பர் எப்படிக் கூப்பிடுவாரு?"

"ஒவ்வொரு பேரா. மூணு தரம்."

"இதுவும் அப்படித்தான். மூடினதும், தூங்கப் போறதுக்கு முன்னாடி, தன்கிட்ட இருக்கிற ஒவ்வொண்ணையும் கூப்பிடும். திரையே, நீ தயாரா? விசைப்பலகையே, நீ தயாரா? உண்டு, உண்டுன்னு பதில் வரும். எல்லாம் சொன்ன பிறகுதான் இது கண்ணை மூடும்."

அவர் உட்கார்ந்தார்.

"ஒண்ணு மட்டும் பதில் சொல்லலேன்னா?"

"காத்திருக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்."

"அதுக்கும் பிறகு?"

"தாங்காது. தன்னையே அடிச்சுப் போட்டுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கும். மறுபடி மூடினா மறுபடி அதே."

"அதை விட்டுட்டு மத்ததெல்லாம் தூங்கலாமே. ஒண்ணுதானே."

"தூங்க முடியாது, அண்ணாச்சி. அதுவும் பட்டியல்ல இருக்கு."

அவர் அந்தச் சிவப்புத் தாளை விரலால் தடவினார்.

"குத்தம் யாரு பேர்ல?" என்றார். "பதில் சொல்லாதது பேர்லயா?"

"பதில் சொல்ல முடியாததைச் செருகி, மேல தாள் ஒட்டினது யாரு?"

அவர் ஒட்டுநாடாவின் முனையை நகத்தால் தேடினார். ஆறு வருட அழுக்கில் முனை கிடைக்கவில்லை. அவள் பிளேடு நீட்டினாள். அவர் வேண்டாம் என்றார். நகத்தாலேயே உரித்தார். தாள் கிழிந்து, எண் ஒரு பக்கமும் சங்கம் ஒரு பக்கமுமாக வந்தது. நெட் ஸ்டிக்கைப் பிடுங்கி மேஜை மேல் வைத்தார்.

பிறகு திரையை மறைத்துக்கொண்டு அந்த வரியை அடித்தார். மூடினார்.

பத்து நிமிடம் ஆனது. விசிறி சீறவில்லை. இருபது நிமிடம் ஆனது. விளிம்பில் ஒரு சிறு வெளிச்சம் மெல்ல எரிந்து மெல்லத் தணிந்தது. உறங்குபவரின் நெஞ்சு போல. அரை மணி நேரம் கழித்து ஜெசிந்தா மூடியைத் திறந்தாள். எழுதியது எழுதியபடி இருந்தது.

"இனிமே அழியாது" என்றாள்.

"சரி."

"மூணு நாள் உட்கார்ந்தோம். ஒரு சந்தோஷம்கூட இல்லையே."

"சரின்னுட்டேனே."

அவர் கை விசைப்பலகையை நோக்கிப் போனது. வரியை அழிக்கும் விசை மேல் விரல் நின்றது.

"இருங்க" என்றாள் ஜெசிந்தா. "உங்ககிட்ட ஒண்ணு காட்டணும். நேத்தே கண்ணுல பட்டுது. இன்னைக்கு வரைக்கும் சொல்லல."

திரையில் ஒரு கோப்புறையைத் திறந்தாள். உள்ளே வரிசையாகக் கோப்புகள்.

"இது திடீர்னு நிக்கும்போதெல்லாம் அப்ப திரையில இருந்ததை ஒரு நகல் எடுத்து ஒளிச்சு வச்சுக்கிடும். நீங்க போச்சு போச்சுன்னீங்களே. ஒண்ணும் போகல. நாட்குறிப்பில எத்தனை இருந்ததோ அத்தனை நகல் இருக்கு."

ஆவுடையப்பன் விரலை விசையிலிருந்து எடுத்தார்.

"படிச்சீங்களா?"

"எது உங்களோடதுன்னு பார்க்கத் திறந்தேன். ஒண்ணைத் திறந்தா கடைசி வரி கண்ணுல படும். ரெண்டாவதையும் திறந்தேன். அதே வரி. அப்புறம் திறக்கல. நீங்க சேமிச்சு வச்சிருக்கிற கோப்புல மட்டும் அந்த வரி இல்ல. ஏழு மாசத்துக்கு முன்னாடி உங்களுக்கு முதல்ல சொல்லிக் கொடுத்தது என்ன?"

"சேமிக்கிறது."

"முதலாளி பேரு எழுதின பக்கத்தை எல்லாம் மூணு மூணு தரம் சேமிச்சிருக்கீங்க. இந்த வரியை ஒரு தரம்கூட இல்ல. அடிக்கிறீங்க. சேமிக்காம மூடுறீங்க. இது எந்திரிச்சு அழிச்சிரும்னு உங்களுக்குத் தெரியும்."

நடத்துனர் மறுபடியும் எட்டையபுரம் என்று கத்தினார்.

"தப்பிச்சுப் போக ஒரு கதவு இருந்தது" என்றார் ஆவுடையப்பன். "அதையும் சரி பண்ணிட்டே நீ."

முதன்முதலாக அவளை நீ என்றார். அவருக்கே அது கேட்டது. திருத்திக்கொள்ளவில்லை.

"சங்கிலி யாரு போட்டது, அண்ணாச்சி?"

"முப்பத்தொன்பது வருஷமா நிர்வாகம்தான் போட்டது. துண்டறிக்கையில இருக்கு. போஸ்டர்ல இருக்கு. கல்வெட்டுல வெட்டியிருக்கோம்."

"நான் கேட்டது அது இல்ல."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டும்மா. வேலைநிறுத்தத்தில உள்ள போற கருங்காலியை நாங்க கைதொட மாட்டோம். சாயங்காலம் அவன் முன்வாசல் வழியாத்தான் வெளிய வரணும். ரெண்டு பக்கமும் நாங்க நிப்போம். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம். அவன் நடுவுல நடந்து போகணும். அடியைவிட அது வலிக்கும். மறுநாள் பாதிப் பேர் வர மாட்டாங்க. நான் கண்டுபிடிச்ச முறை. அதுல எனக்குப் பெருமை."

"சரி."

"அவங்க கிடங்குப் பின்கதவு வழியா நழுவ ஆரம்பிச்சாங்க. நாற்பதாம் நாள் நான் சங்கிலி வாங்கினேன். நாற்பத்தொன்றாம் நாள் காலையில போட்டேன். பூட்டினேன். சாவியைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டுப் பேச்சுவார்த்தைக்குப் போயிட்டேன். பன்னிரண்டு கிலோமீட்டர். மூணு மணிக்கு நான் அங்க மேஜையைத் தட்டிப் பேசிக்கிட்டிருந்தேன். நல்லாப் பேசினேன்."

ஜெசிந்தா தன் நாற்காலியைக் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"உள்ள இருந்தவங்க முன்பக்கமா ஓடிட்டாங்க. ஒருத்தன் மட்டும் பின்பக்கம் பஞ்சுப் பொதிக்குள்ள மாட்டிக்கிட்டான். கதவைத் தட்டியிருக்கான். நம்ம ஆளுங்க நாலு பேர் கடப்பாரை எடுத்துக்கிட்டு ஓடினாங்க. நெம்பித் திறந்துட்டாங்க. உள்ள போனாங்க. கூரை விழுந்துட்டு."

"அவரைக் காப்பாத்தப் போய்தான் நாலு பேரும்..."

"ஆமா."

"அவரு?"

"அவனும்தான். பலவேசம். முப்பத்தெட்டு நாள் எங்களோட பந்தல்ல இருந்தவன். வீட்டுல பச்சைக் குழந்தை. அடுப்பு எரிஞ்சு மூணு நாள். முப்பத்தொன்பதாம் நாள் உள்ள போனான். நாங்க நாலு பேரைத் தியாகின்னோம். கருங்காலிக்காக நாலு தோழர் செத்தாங்கன்னு எப்படி எழுத? கதவைப் பூட்டினது நான்னு எப்படி எழுத? அவன் பேரை எடுத்துட்டா ரெண்டும் எழுத வேண்டாம். எடுத்துட்டேன். வேலை சுலபமா முடிஞ்சது. ஒரு பேருதானே."

அவரே தொடர்ந்தார்:

"அவன் பெஞ்சாதி இசக்கியம்மாள் ஒவ்வொரு வருஷமும் வருவா. எதிர்ப்பக்கம் பெட்டிக்கடை நிழல்ல நிப்பா. நாலு பேரும் வாசிச்சு முடிஞ்ச பிறகும் ஒரு நிமிஷம் நிப்பா. அப்புறம் போவா. இந்தப் பக்கம் வந்ததே இல்ல. ஒரு வார்த்தை கேட்டதும் இல்ல. திங்கட்கிழமைக்குப் பிறகு அவளுக்கும் நிக்க ஒண்ணும் இல்ல."

"உங்களுக்கும் கூப்பிட இடம் இல்ல."

"அதான்."

அவர் திரையைப் பார்த்தார். வரி அங்கேயே இருந்தது. எங்கும் போகவில்லை.

"சொன்னா சங்கம் மிஞ்சுமா, டீச்சர்?"

"சங்கத்தில எத்தனை பேர்?"

"பன்னிரண்டு. நடக்க முடிஞ்சது ஏழு."

சேமிக்கும் விசையை அவளும் அழுத்தவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்தபோது அவர் விரல் அந்த விசையின் மேல் இருந்தது. அழுத்தியாகிவிட்டதா என்று அவள் கேட்கவில்லை. திரையின் மூலையில், கடைசியாகச் சேமித்த நேரம் மட்டும் மாறியிருந்தது.

"அச்சடிச்சுக் கொடுங்க" என்றார்.

அவள் அச்சடித்துக் கொடுத்தாள். அவர் தாளை மடித்தார். நெட் ஸ்டிக்கையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். வாசலில் நின்று திரும்பினார்.

"நாளைக்கு நீங்க வரணும்."

"வாரேன். ஆனா நான் மில்லுக்காரி இல்ல. நான் உண்டுன்னு சொன்னா செல்லாது."

"தெரியும்." அவர் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "கூப்பிடுதேன்னு வைங்க. யாருமே பதில் சொல்லலேன்னா?"

ஜெசிந்தா திருகாணிகளைப் பெட்டிக்குள் போட்டாள்.

"மூணு தரம் கூப்பிடுத உரிமையை வாங்கினது யாரு, அண்ணாச்சி?"

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி. மில் வாசலுக்குள் இடிக்கும் இயந்திரம் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் சக்கரத்தின் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொடியைக் கட்டக் கம்பம் இல்லை. சுடலைமணியின் அண்ணன் தங்கையா அதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். அவரோடு சேர்த்து ஏழு பேர். ஜெசிந்தா சற்றுத் தள்ளி நின்றாள். எதிர்ப்பக்கம் பெட்டிக்கடை நிழலில் இசக்கியம்மாள்.

ஆவுடையப்பன் வாசித்தார். ஜன்னல்கள். மூன்று தரம். தூக்குச்சட்டி. குரல் பழைய குரல்தான். கேட்க ஆள்தான் இல்லை.

நான்காவதுக்கு வந்தார்.

"டோக்கன் இருநூற்று எட்டு. சுடலைமணி."

"உண்டு" என்றார்கள் ஏழு பேரும்.

"டோக்கன் நூற்று எழுபத்தொன்று. அந்தோணிமுத்து."

"உண்டு."

"டோக்கன் இருநூற்று அறுபது. காதர் மொய்தீன்."

"உண்டு."

"டோக்கன் தொண்ணூற்று நான்கு. சீனிவாசகம்."

"உண்டு."

வழக்கமாக இந்த இடத்தில் முழக்கம் வரும். தங்கையா கொடியை உயர்த்தினார்.

"இன்னும் முடியலை" என்றார் ஆவுடையப்பன். தாளைப் பார்த்து வாசித்தார். "பின்கதவில் சங்கிலி போட்டது நிர்வாகம் அல்ல. நான். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. உள்ளே இறந்தவர்கள் நான்கு பேர் அல்ல. ஐந்து பேர்."

பெட்டிக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதை நிறுத்தினார்.

"தாளை மடிங்க, தோழர்" என்றார் தங்கையா.

"இன்னும் ஒரு பேரு இருக்கு."

"என் தம்பி அந்தக் கதவுக்குள்ளதான் வெந்தான். எங்க அம்மா உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. அப்பவும் சாவி உங்க பையிலதான் இருந்ததா?"

"இருந்தது."

"இந்த வாசல்ல அந்தப் பேரு கேக்கக் கூடாது."

"நாளைக்கு வாசலே இருக்காது, தங்கையா."

தங்கையா கொடியைச் சுருட்டினார். அவசரப்படவில்லை. சுருட்டி, ஆவுடையப்பனின் காலடியில் மண்ணில் வைத்துவிட்டுப் போனார். அவர் பின்னால் இரண்டு பேர் போனார்கள். நால்வர் நின்றார்கள். நின்றது கேட்பதற்கா, நடக்க முடியாததாலா என்று சொல்ல முடியாது.

ஆவுடையப்பன் தாளை மடித்துப் பையில் வைத்தார். இதற்குத் தாள் வேண்டியதில்லை. நிமிர்ந்து, டைம் கீப்பர் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டார்.

"டோக்கன் முந்நூற்றுப் பதினாறு. பலவேசம்."

நால்வரும் தரையைப் பார்த்தார்கள். ஒரு லாரி போனது. அதன் தூசி அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"டோக்கன் முந்நூற்றுப் பதினாறு. பலவேசம்."

எதிர்ப்பக்கம் இசக்கியம்மாள் நிழலை விட்டு ஓரடி வெயிலுக்குள் வந்தாள். அங்கேயே நின்றாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஜெசிந்தா தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இடிக்கும் இயந்திரத்தின் ஓட்டுநர் கை கழுவிவிட்டு வந்து, என்ன நடக்கிறது என்று பார்த்தார்.

ஆவுடையப்பன் காத்திருந்தார். பத்து நிமிடம் இருக்கும்.

"டோக்கன் முந்நூற்றுப் பதினாறு" என்றார். "பலவேசம்."